மண்ணுளிப் பாம்புக்கு என்ன விலை?

ஒரு மாலை ஆய்வுக்கூட வகுப்பு முடிந்து, தராசுகளைப் பெட்டிக்குள் எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன். இரண்டாம் ஆண்டு மாணவர் ஒருவர் தயங்கித் தயங்கி வந்து நின்றார். உசிலம்பட்டிக்கு அப்பாலுள்ள ஒரு கிராமத்திலிருந்து நாள்தோறும் பேருந்தில் மதுரைக்கு வந்து படிப்பவர். "சார், ஒரு சந்தேகம். பாடத்தில் இல்லாதது" என்றார். "கேளப்பா" என்றேன். சாக்குக் கட்டியை எடுத்துக் கரும்பலகையில் எழுதத் தொடங்கினார். ஒரு பெண் பாம்பு. பத்துக் குட்டி. குட்டி ஒன்றுக்கு ஒரு கோடி. ஆகப் பத்துக் கோடி. "இந்தக் கணக்கில் எங்கே தப்பு சார்?"

விசாரித்தேன். அவருடைய தாய்மாமா ஒரு மண்ணுளிப் பாம்பைப் பிளாஸ்டிக் பீப்பாயில் போட்டு வீட்டில் வைத்திருக்கிறார். அதைக் கோடி ரூபாய்க்கு வாங்க வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று காத்திருப்பதாகச் சொன்ன தரகர்கள், 'சோதனைக் கட்டணம்' என்று சொல்லி அறுபதாயிரம் ரூபாய் வாங்கிச் சென்றிருக்கிறார்கள். உழவுமாடு விற்ற பணம். பாம்பு இரண்டரைக் கிலோ எடை இருந்தால்தான் கம்பெனி ஏற்குமாம். இது அந்த எடை இல்லை. ஆகவே அதை வளர்த்து எடை ஏற்றலாம், குட்டியும் எடுத்துப் பண்ணையாகவே நடத்தலாம் என்று மாமா முடிவு செய்துவிட்டார். அடுத்தபடியாக வீட்டடி மனையை அடகு வைக்கப் போகிறாராம்.

அன்று அந்த மாணவருக்குச் சொன்னதையும், பிறகு படித்துத் தெரிந்துகொண்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். நான் இயற்பியல் ஆசிரியன். பாம்பு என் பாடமல்ல. ஆனால் இந்தக் கதையில் எடை, வெப்பம், கணக்கு மூன்றும் வருகின்றன. அந்த அளவுக்கு எனக்கும் இதில் பேச உரிமையுண்டு என்று நினைக்கிறேன்.

தரங்கம்பாடியிலிருந்து ஒரு பெயர்

தென் அமெரிக்காவின் அனகோண்டாவைப் படத்திலாவது பார்த்திருப்பீர்கள். அது போவா என்னும் பாம்பு இனக்கூட்டத்தைச் சேர்ந்தது. நம் வயல் வரப்பில் மண்ணுக்குள் ஒளிந்து கிடக்கும் மண்ணுளிப் பாம்பு அதற்குத் தூரத்து உறவு. இரண்டுக்கும் நஞ்சு இல்லை. இரண்டும் இரையைச் சுற்றி இறுக்கிக் கொல்கின்றன. இரண்டும் குட்டி போடுகின்றன.

நம் பாம்புக்கு அறிவியலார் வைத்த பெயர் எரிக்ஸ் ஜானியை. யார் அந்த ஜான்? தரங்கம்பாடியில் டேனிஷ் மிஷனில் பணியாற்றிய கிறிஸ்டோப் சாமுவேல் ஜான் என்னும் ஜெர்மானியப் பாதிரியார். 1771-இல் இங்கு வந்தவர். மறை பரப்புவதோடு செடி கொடி, சங்கு, மீன், பாம்பு என்று தேடித் திரட்டியவர். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தப் பாம்பை விவரித்து எழுதிய பாட்ரிக் ரஸ்ஸல் அவர் நினைவாகப் பெயரிட்டார். ரஸ்ஸல் என்றால், கண்ணாடி விரியனின் ஆங்கிலப் பெயரில் இன்றும் வாழ்கிறாரே, அதே ரஸ்ஸல்தான்.

பழுப்பு அல்லது செம்மண் நிறம், வழுவழுப்பான உடல், கழுத்து என்று தனியாகத் தெரியாது. தலை ஆப்பு போல் சரிந்திருப்பதால் பொலபொலப்பான மண்ணில் எளிதாகப் புகுகிறது. வால் கூர்மையாக முடியாமல், வெட்டி வைத்த கட்டைபோல் மழுங்கி நிற்கிறது. பகைவர் எதிர்ப்பட்டால் பாம்பு தலையை உடலுக்கடியில் மறைத்துக்கொண்டு, வாலைத் தலைபோல் தூக்கிக் காட்டும். கடி வாலில் விழும், தலை தப்பும். 'இருதலைப் பாம்பு' என்றும், ஆறு மாதம் ஒரு தலை ஆறு மாதம் மறுதலை என்றும் ஊரில் சொல்வது இதை வைத்துத்தான். சில பாம்பாட்டிகள் வாலில் கண்ணும் வாயும் தெரியும்படி சூடு போட்டு, அந்தக் கதைக்குச் சாட்சியும் தயாரித்தார்கள்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. என் பாட்டி காலத்தில் இந்தப் பாம்பு நக்கினால் குஷ்டம் வரும் என்று நம்பினார்கள். கண்ட இடத்தில் அடித்துக் கொன்றார்கள். இன்று அதே பாம்பு புற்றுநோயைத் தீர்க்கும், எய்ட்ஸைத் தீர்க்கும், புதையலைக் காட்டும் என்கிறார்கள். இரண்டுக்கும் சான்று ஒரே அளவுதான்: பூஜ்யம். பாம்பு மாறவில்லை, எலி தின்பதைத் தவிர அன்றும் இன்றும் அது வேறொன்றும் செய்யவில்லை.

ஒரு சாண் ஆழத்தில்

இதை வளர்க்க முடியுமா என்பதல்லவா மாணவரின் கேள்வி? அதற்கு முன், அது எங்கே எப்படி வாழ்கிறது என்று பார்க்க வேண்டும்.

பாம்பு தன் உடல் வெப்பத்தைத் தானே உண்டாக்கிக்கொள்வதில்லை, சூழலிலிருந்து பெறுகிறது. மதுரையைச் சுற்றிய சமவெளியில் சித்திரை வெயிலில் வெறும் தரையில் கால் வைக்க முடியாது. அந்தத் தரையில் கிடந்தால் பாம்பு செத்துவிடும். ஆனால் மண் வெப்பத்தை மிக மெதுவாகவே கீழே கடத்துகிறது. பகலில் ஏறி இரவில் இறங்கும் வெப்ப அலை, உலர்ந்த மணலில் ஏறக்குறைய 8 சென்டிமீட்டர் இறங்குவதற்குள் தன் வீச்சில் மூன்றிலொரு பங்கு சொச்சமாகக் குறைந்துவிடும். அடுத்த 8 சென்டிமீட்டரில் மீண்டும் அதே விகிதம். தரைமட்டத்தில் சராசரியிலிருந்து இருபுறமும் 15 டிகிரி ஏறி இறங்குவதாகக் கொள்வோம். 8 சென்டிமீட்டர் ஆழத்தில் அது ஐந்தரை டிகிரி. 16 சென்டிமீட்டரில் இரண்டு டிகிரி. 24 சென்டிமீட்டரில் ஒரு டிகிரிகூட இல்லை. 24 சென்டிமீட்டர் என்பது எவ்வளவு? உங்கள் கையை விரித்துப் பாருங்கள். ஒரு சாண்.

ஆகவே மேலே தீயாகக் காய்ந்தாலும், ஒரு சாண் கீழே இரவும் பகலும் ஒன்றுதான். பாம்பு அங்கே கிடக்கிறது. வெப்பம் வேண்டும்போது சற்று மேலே வருகிறது, வேண்டாதபோது கீழே போகிறது. மாலை மங்கியபின் எலி வளைகளைத் தேடிப் புறப்படுகிறது.

சினையுற்ற பெண் பாம்புக்கு இந்த ஏற்பாடு இன்னும் முக்கியம். மலைப்பாம்பு முட்டையிட்டு அடைகாக்கிறது. மண்ணுளியோ முட்டைகளை வயிற்றுக்குள்ளேயே வைத்துப் பொரித்துக் குட்டிகளாக ஈனுகிறது. அதாவது தாயே ஒரு நடமாடும் அடைகாப்புப் பெட்டி. தனக்கு ஏற்ற வெப்பத்தைத் தேடி நகரும்போது, குட்டிகளுக்கும் அதையே தேடித் தருகிறாள். (மணல் போவாக்கள் எல்லாமே இப்படி என்று எண்ணிவிடாதீர்கள். அரேபியப் பாலைவனத்தில் வாழும் ஓர் இனம் முட்டையிடுகிறது. மஸ்கட்டில் மருத்துவராயிருந்த ஜெயகர் என்னும் இந்தியரின் பெயரைத் தாங்கியது அது.) சுமார் நான்கு மாதத்துக்குப் பின் குட்டிகள் பிறக்கின்றன. சில ஈற்றில் நான்கைந்து, சிலவற்றில் பத்துக்கு மேல். பதினான்கு வரை உண்டு. பிறந்த குட்டி சிவந்த ஆரஞ்சு நிறத்தில் கரும்பட்டைகளோடு அழகாயிருக்கும். வளர வளரப் பட்டை மறைந்து மண் நிறமாகிவிடும்.

வளர்ப்பவர்களும் இருக்கிறார்கள்

அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பாம்பு வளர்ப்பது ஒரு பொழுதுபோக்கு. சிலருக்கு அதுவே தொழில். பெட்டியின் ஒரு முனையை 32 டிகிரிக்கு மேல் சூடாக்கி, மறுமுனையைக் குளிர்ச்சியாக விட்டு, வேண்டிய இடத்தைப் பாம்பே தேர்ந்துகொள்ளும்படி செய்கிறார்கள். நாம் மேலே பார்த்த ஒரு சாண் மண்ணைப் படுக்கைவசமாகப் போட்டது போன்ற ஏற்பாடு. குளிர்காலத்தில் சில வாரம் வெப்பத்தைக் குறைத்து, பிறகு ஆணையும் பெண்ணையும் சேர்க்கிறார்கள். கென்யா முதலிய கிழக்கு ஆப்பிரிக்க நாடுகளின் மணல் போவா இவர்களிடம் பெயர் பெற்றது. பளிச்சென்ற நிறம், பல நிற வகைகள்.

நம் மண்ணுளியும் அவர்களிடம் இருக்கிறது. அங்கேயே பிறந்த குட்டிகளை விற்கிறார்கள். ஆனால் அதற்கு அவ்வளவு மவுசு இல்லை. வளர்ந்தால் ஒரே மண் நிறம். நாள் முழுதும் படுக்கைக்குள் புதைந்து கிடக்கும். பணம் கொடுத்து வாங்கியவர் பார்க்க நினைத்தால் தோண்டித்தான் பார்க்க வேண்டும்!

விலை? சில நூறு டாலர். நம் பணத்தில் பத்தாயிரத்திலிருந்து முப்பதாயிரம் ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த விலைக்குப் பின்னால் உள்ள உழைப்பையும் பாருங்கள். பெண் பாம்பு குட்டி போடும் பருவத்துக்கு வர மூன்று நான்கு ஆண்டாகும். பத்து நாளுக்கு ஓர் எலி என்றாலும் நான்கு ஆண்டில் ஏறத்தாழ நூற்றைம்பது எலி. அதன் பிறகும் ஆண்டுதோறும் சினையுறும் என்று சொல்வதற்கில்லை. பிறந்த குட்டிகளில் சில இரையெடுக்காமல் அடம்பிடிக்கும். விருப்பம் இல்லாதவர் செய்யக்கூடிய வேலையல்ல.

வளர்ப்பவர் பெருகினால் விலை விழும் என்பதும் அங்கே கண்கூடு. ஆப்பிரிக்காவின் சிறு மலைப்பாம்பு ஒன்றில் வெண்ணிறக் குட்டிகளை 1992-இல் முதன்முதலாகக் கூண்டில் பிறப்பித்தார்கள். அன்று ஒரு குட்டி பல ஆயிரம் டாலர். அந்தக் குட்டிகளின் குட்டிகள் பரவப் பரவ, விலை சில நூறு டாலருக்கு இறங்கிவிட்டது. கரும்பலகையில் 'பத்துக் குட்டி, பத்துக் கோடி' என்று எழுதிய நம் மாணவர், குட்டிகளின் எண்ணிக்கை கூடும்போது விலையும் அப்படியே நிற்கும் என்று கொண்டுவிட்டார். முதல் தப்பு அங்கே.

இரண்டாவது தப்பு இதைவிடப் பெரியது. ஒரு மருந்துக் கம்பெனிக்கு உண்மையிலேயே இந்தப் பாம்பு கோடி ரூபாய் பெறும் என்றால், அது தரகரைப் பிடித்து உசிலம்பட்டி வரை ஏன் வரவேண்டும்? சில நூறு டாலருக்கு விற்கிற அமெரிக்க வளர்ப்பாளருக்கு ஒரு கடிதம் போட்டால் போதுமே! அப்படி யாரும் போடவில்லை. இதை நான் சொன்னபோது மாணவர் சாக்குக் கட்டியைக் கீழே வைத்துவிட்டார்.

வாங்குபவர் இல்லாத சந்தை

மாட்டுத்தாவணிப் பூச்சந்தைக்குப் போயிருப்பீர்கள். மார்கழியில் மல்லிகை வரத்துக் குறைந்தால் விலை ஏறுகிறது. வரத்துக் கூடினால் விழுகிறது. எவ்வளவு ஏறினாலும் மாலைக்குள் அந்தப் பூவை ஒருவர் தலையில் வைத்துக்கொள்கிறார். அந்தக் கடைசி வாங்குபவர்தான் விலையைத் தாங்கி நிற்கிறார். மண்ணுளிச் சந்தையில் அந்தக் கடைசி ஆள் இல்லை. வயலில் பிடித்தவரிடமிருந்து ஒருவர் வாங்குகிறார், அவரிடமிருந்து இன்னொருவர். ஒவ்வொருவரும் வாங்குவது பாம்பை அல்ல, அடுத்தவர் அதிகம் தருவார் என்ற நம்பிக்கையை. தரகரோ பாம்பை விற்றுச் சம்பாதிப்பதில்லை. சோதனைக் கட்டணம், விமானச் செலவு, அதிகாரிக்குக் கொடுக்க என்று முன்பணம் வாங்கியே சம்பாதிக்கிறார். 2014-இல் வெளிவந்த 'சதுரங்க வேட்டை' திரைப்படம் இந்த மண்ணுளி ஏமாற்றில்தான் தொடங்குகிறது. படம் பார்த்துச் சிரித்த ஊர்களிலேயே அதன் பிறகும் ஆட்கள் ஏமாந்திருக்கிறார்கள். கோபுரக் கலசத்தில் இரிடியம், அரிசியை இழுக்கும் செம்பு என்பவையும் இதே குடும்பத்துச் சரக்கு. இரிடியம் அரிசியை இழுக்காது என்பதை இயற்பியல் ஆசிரியன் என்ற முறையில் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

இப்போது அந்த எடை நிபந்தனையைக் கவனியுங்கள். இந்த ஏமாற்றின் அச்சாணியே அதுதான்.

பாம்பின் உடல் ஏறக்குறைய தண்ணீரின் அடர்த்தி கொண்டது. கன சென்டிமீட்டருக்கு ஒரு கிராம். நன்கு வளர்ந்த ஒரு பெண் மண்ணுளி 75 சென்டிமீட்டர் நீளம், 4 சென்டிமீட்டர் தடிமன் என்று கொள்வோம். உருளையின் கன அளவைக் கணக்கிட்டால் 942 கன சென்டிமீட்டர். இருமுனையும் சற்றுச் சிறுத்திருப்பதற்காக நூற்றுக்குப் பதினைந்து கழித்தால் 800. ஆக எடை 800 கிராம். இது இரண்டரைக் கிலோ ஆக வேண்டுமானால் மூன்று மடங்குக்குச் சற்று அதிகம் பெருக்க வேண்டும். வடிவம் மாறாமல் வளர்ந்தால் எடை நீளத்தின் மும்மடிக்கு ஏற்பக் கூடும். ஆகவே நீளமும் தடிமனும் ஏறக்குறைய ஒன்றரை மடங்காக வேண்டும்: 110 சென்டிமீட்டர் நீளம், 6 சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைந்த தடிமன். மண்ணுளிப் பாம்புகள் 90 சென்டிமீட்டரைத் தாண்டுவதே அபூர்வம்.

புரிகிறதா? கேட்கும் எடை, பாம்பு எட்டாத எடை. பாம்பு கொண்டுவருபவருக்கு நிபந்தனை நிறைவேறுவதில்லை. தரகருக்குப் பணம் கொடுக்கவேண்டிய நாள் வருவதில்லை. ஆனால் 'இன்னும் கொஞ்சம் பெரிய பாம்பாகத் தேடு' என்ற பேச்சு மட்டும் நடந்துகொண்டேயிருக்கும். அந்தத் தேடலில் வரப்புகள் தோண்டப்படுகின்றன. அகப்பட்ட பெரிய பாம்புகள், அதாவது குட்டி போடும் பருவத்துப் பெண் பாம்புகள், கோணிப்பையிலும் பீப்பாயிலும் கிடந்து சாகின்றன. வனவிலங்குப் பாதுகாப்புச் சங்கம் என்னும் அமைப்பின் இந்தியப் பிரிவு செய்திகளைத் திரட்டிப் பார்த்ததில், 2016 முதல் 2021 வரை 18 மாநிலங்களில் 172 முறை மண்ணுளிப் பாம்புகள் பிடிபட்டிருந்தன. பிடிபட்டவை மட்டும்தான் கணக்கில் வரும். உலக அளவில் அழிவு அபாயத்தை மதிப்பிடும் சிவப்புப் பட்டியலில் இந்த இனம் இப்போது 'அச்சுறுத்தலை நெருங்கியது' என்ற வரிசையில் இருக்கிறது. எவருக்கும் தேவைப்படாத ஒரு பொருளுக்காக ஓர் உயிரினம் குறைந்து வருவது எனக்கு விந்தையாகவே படுகிறது.

சரி, பண்ணை வைத்தால்தான் என்ன என்று இன்னும் கேட்கிறீர்களா? சட்டம் இடங்கொடாது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இதைப் பிடிப்பதும், வைத்திருப்பதும், விற்பதும் குற்றம், சிறைத்தண்டனை உண்டு. போவா இனங்கள் அனைத்தும் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டு உடன்படிக்கையின் பட்டியலிலும் உள்ளன. இந்தியா 1976-இல் அதில் சேர்ந்தது. வளர்த்துப் பெருக்குவது மட்டும் போதாது என்பதற்குச் சென்னையை அடுத்த முதலைப் பண்ணையே எடுத்துக்காட்டு. 1976-இல் தொடங்கிய அங்கே முதலைகள் ஆயிரக்கணக்கில் பெருகின. தோல் வணிகத்துக்கு அரசு இசையவில்லை. பெருகியவற்றுக்கு இடமும் தீனியும் தேடுவதே பெரும்பாடாயிற்று. இத்தனைக்கும் முதலைத் தோலுக்கு உலகில் உண்மையான சந்தை இருந்தது. மண்ணுளிக்கு அதுவும் இல்லை.

உழவர்களுக்கு ஒரு சொல். நெல்வயலிலும் கடலைக்காட்டிலும் எலி தின்னும் தானியத்துக்குக் கணக்கில்லை. மண்ணுளி எலி வளைக்குள்ளேயே புகுந்து வேட்டையாடும், நஞ்சில்லாதது. ஒன்றே ஒன்று: சொரசொரப்பான செதிலும் திட்டுத் திட்டான நிறமும் கொண்ட மண்ணுளி ஒன்றும் நம் பக்கம் உண்டு. பார்வைக்குக் கண்ணாடி விரியனை ஒத்திருக்கும். வேறுபாடு உறுதியாகத் தெரியாதவர் எதையும் கையால் தொடாமல் விலகிப் போவதே நல்லது.

மாணவரின் மாமா உடனே ஒப்புக்கொண்டார் என்று நினைக்காதீர்கள். இரண்டு வாரம் ஆயிற்று. அமெரிக்காவில் என்ன விலை என்ற கேள்விக்குத் தரகரிடம் பதில் கேட்டிருக்கிறார். அதற்குப் பிறகு தரகரின் கைப்பேசி எடுக்கப்படவேயில்லை. அறுபதாயிரம் போனது போனதுதான். மனை தப்பியது. வனத்துறையினர் வந்து மாமாவை எச்சரித்துவிட்டுப் பாம்பை எடுத்துச் சென்றார்கள்.

அவர்கள் பாம்பைத் துணிப்பையில் போடுவதற்கு முன்னும் பின்னும் மாணவர் சும்மா இருக்கவில்லை. மறுநாள் நோட்டைக் கொண்டுவந்து நீட்டினார். நீளம் 71 சென்டிமீட்டர், தடிமன் 3.7 சென்டிமீட்டர், பதினைந்து சதவீதம் கழித்துக் கணக்கிட்ட எடை 650 கிராம், பையோடு வில்தராசில் மாட்டி, பையின் எடையைக் கழித்துக் கண்ட எடை 630 கிராம். பிழை மூன்று சதவீதம். எங்கள் ஆய்வுக்கூடத்தில் இதைவிட மோசமான விடைகளுக்கெல்லாம் மதிப்பெண் போட்டிருக்கிறேன்.